1967 ஹெரால்டு: பேட்டரி கிளாம்ப், கொக்கி போல்ட், அடித்தட்டு எங்கே கிடைக்கும்?

தாம்பரம் ஹெரால்டு

வணக்கம் எல்லோருக்கும். மாமனார் வீட்டுக் கொட்டகையில் பல வருடம் தார்ப்பாய்க்குள் நின்றிருந்த 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்டை, இரண்டு கதவு வண்டி, போன ஆவணியில் தாம்பரத்துக்கு ஏற்றி வந்தேன். வண்டலூரில் செய்த வண்டி, அரை நூற்றாண்டு கழித்து வண்டலூருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது, அதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். பிரேக் முடிந்தது, கார்பரேட்டர் முடிந்தது, 948 சிசி என்ஜினைக் கையால் சுற்றினால் நன்றாகச் சுற்றுகிறது. இப்போது சிக்கி நிற்பது பேட்டரி வைக்கிற இடத்தில்.

இந்த வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பேட்டரி என்ஜினுக்குப் பின்னால், என்ஜினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கிற பல்க்ஹெட் தகட்டிலேயே பெட்டி மாதிரி இறங்கியிருக்கும் குழியில் உட்காரும். என் வண்டியில் அந்தப் பெட்டியின் அடித்தட்டைச் சுத்தியல் காம்பால் லேசாகத் தட்டினேன். பொருக்குப் பொருக்காக உதிர்ந்து உள்ளே கியர்பாக்ஸ் மூடி மேல் விழுந்தது. டார்ச்சை மேலே வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தால் சல்லடை போல வெளிச்சம் வருகிறது.

பேட்டரியை ஆடாமல் பிடிக்கிற கிளாம்ப் என்று எதுவும் இல்லை. முன்பு ஓட்டியவர்கள் பேட்டரியைச் சைக்கிள் டியூபால் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்க ஓட்டையில் மட்டும் கொக்கி போல்டின் கீழ் முனை இரண்டு அங்குலம் ஒடிந்து, துருவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பழைய வண்டிச் சாமான் விற்கிற சென்னை புதுப்பேட்டையில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன், எல்லோரும் மாருதி 800 கிளாம்பைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். பழைய சாமான் எங்காவது கிடைக்குமா, இல்லை செய்துதான் ஆக வேண்டுமா? செய்வது என்றால் என்ன அளவில்?

கோவை லேத்

கிளாம்பைத் தேடுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். எந்த பேட்டரி போடப் போகிறீர்கள்? அது முடிவாகாமல் கிளாம்ப் செய்தால் இரண்டாவது முறையும் செய்ய வேண்டி வரும், என்னிடம் வந்த பழைய வண்டிக்காரர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நடந்தது.

அன்றைக்கு வந்த கறுப்பு ரப்பர் பெட்டி பேட்டரியும், அதன் மேல் ஈயப் பட்டைகள் தெரிகிற அமைப்பும் இன்றைக்கு இல்லை. இன்று கடையில் கிடைப்பதில் உங்கள் வண்டிக்கு ஒத்துவருவது இரண்டு குடும்பம். ஒன்று என்எஸ்40 வகை, சுமார் 197 மில்லிமீட்டர் நீளம், 129 அகலம், டெர்மினலோடு சேர்த்தால் 225 வரை உயரம். இன்னொன்று டின்44, சுமார் 207 நீளம், 175 அகலம், 175 அல்லது 190 உயரம். குட்டையாக, அகலமாக இருக்கும், அடியில் சுற்றிலும் ஒரு உதடு இருக்கும்.

நான் டின் பக்கம்தான் சாய்வேன், காரணம் உயரம் மட்டுமல்ல. என்எஸ்40இல் வருவது பெரும்பாலும் மெல்லிய டெர்மினல். உங்கள் பழைய கேபிளின் முனை தடித்த டெர்மினலுக்கு வார்த்தது, மெல்லியதில் போட்டால் லொடலொடவென்று ஆடும், அப்புறம் இடையில் ஈயத் தகடு சொருகுவார்கள், ஸ்டார்ட் ஆகவில்லை என்று நடுரோட்டில் நிற்பீர்கள். டின்னில் தடித்ததுதான் வரும், அதுவும் மூடியின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். ஹெரால்டு பானெட் மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறந்து, திரும்ப பேட்டரிக்கு மேலேயே வந்து மூடுகிற வண்டி. அதில் டெர்மினல் தாழ்வாக இருப்பது பெரிய நிம்மதி.

ஒரு பேட்டரிக் கடையில் காலியான செத்த டின்44 பெட்டி ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிட்டை அவர்களே வடித்துக் கொடுப்பார்கள். அதை வைத்து அளவெடுங்கள்.

பாரிமுனைக்காரன்

புதுப்பேட்டையில் "ஹெரால்டு கிளாம்ப்" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், பெயர் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஒடிந்த கொக்கியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், சாமானைக் காட்டினால் பேச்சே வேறு. கேஸல் என்றும் கேட்டுப் பாருங்கள், ஹெரால்டின் தொடர்ச்சியாக 72இல் வந்த வண்டி அது. நான்கு கதவு ஹெரால்டு மார்க் 3 உடைத்த இடம் எதுவும் கிடைத்தால் கிளாம்பை மட்டும் பார்க்காதீர்கள், பேட்டரிப் பெட்டியின் தகடு நன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை, நான் பார்த்த பழைய பெட்டிகள் அத்தனையும் இதே நோயில் போனவைதான். ஆசிட் எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில்தான் சிந்துகிறது.

இங்கிலாந்தில் நம் ஹெரால்டின் மூல வண்டியான டிரையம்ஃப் ஹெரால்டு, அதன் குடும்பத்து ஸ்பிட்ஃபயர் வண்டிகளுக்கு ரிப்பேர் தகடே தனியாக விற்கிறார்கள். தகடு விலை பெரிதில்லை, ஆனால் அனுப்புகிற செலவும் சுங்கமும் சேர்ந்தால் இங்கே தகடு வேலை செய்கிற ஒரு நல்ல டின்கர் மூன்று முறை செய்துகொடுக்கிற காசு ஆகிவிடும்.

யாழ் மைனர்

வணக்கம் தம்பி. என்னிடம் இருப்பது மொறிஸ் மைனர், ஹெரால்ட் இல்லை. ஆனால் இரண்டு காரிலும் பற்றரி இருக்கிற இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பின்சுவரில், எஞ்சினுக்குப் பின்னால். அதனால் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் பெட்ரோல் வராத காலத்தில், கார்பரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. அப்போது பற்றரி கிடைப்பதே பெரும்பாடு. லொறிப் பற்றரியோ ட்ராக்டர்ப் பற்றரியோ, எது கிடைக்கிறதோ அது. தட்டில் அடங்காது. பனைமரச் சிராம்பை ஆப்பாக அடித்து, கயிற்றால் வரிந்து கட்டுவோம். அப்பாவின் காரில் அப்படிக் கட்டிய பற்றரி கோப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளத்தில் துள்ளிச் சரிந்து, ஆசிட் முழுக்க கியர்பெட்டிப் பக்கம் இறங்கியது. தகடு ஒரே மழைக்காலத்தில் போய்விட்டது. அப்பா அதன் பிறகு எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் பொனற்றைத் திறந்து பற்றரியைக் கையால் ஆட்டிப் பார்ப்பார். எனக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது.

மைனரில் நாங்கள் செய்தது இது. பற்றரியின் மேல் விளிம்பைச் சுற்றி அணைக்கிற சட்டம், அதன் இரண்டு பக்கமும் நீளக் கம்பி, கம்பியின் அடி கொக்கி தட்டில் மாட்டும், மேலே இறக்கை நட். மைனர்த் தட்டின் அடியில் ஒரு துளை, அதில் ரப்பர்க் குழாய், குழாய் கியர்பெட்டிக்கு அப்பால் கீழே இறங்கும். புதுத் தட்டு அடிக்கும்போது உங்கள் ஹெரால்டுக்கும் இதைச் செய்யுங்கள். மழைநீரும் ஆசிட்டும் தேங்காமல் போக ஒரு வழி இருந்தால் தகடு உங்கள் பிள்ளைகள் காலம் வரை இருக்கும்.

தாம்பரம் ஹெரால்டு

ஐயா, மிக்க நன்றி. குழாய் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை.

கோவை அண்ணா சொன்னபடி செத்த டின்44 பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். என் பெட்டிக்குள் வைத்தால் அகலத்தில் கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது, நீளத்தில்தான் மூன்று நான்கு விரற்கடை மிச்சம். கொக்கித் துண்டைத் துருநீக்கியில் ஊறவைத்து எடுத்து வெர்னியரில் அளந்தேன், துரு போக 6.3 வருகிறது. 6 மில்லிமீட்டர் கம்பியில் செய்துவிடலாமா?

கோவை லேத்

6.3 என்றால் அது கால் அங்குலம். 6 மில்லிமீட்டர் போட்டாலும் பேட்டரியைத் தாங்கும், பலத்தில் குறை இல்லை. ஆனால் டிரையம்ஃப் வழி வந்த வண்டி முழுக்க யுஎன்எஃப், அதாவது அங்குலக் கணக்கில் வருகிற நெருக்கமான மரை. கால் அங்குல யுஎன்எஃப் என்றால் ஒரு அங்குலத்துக்கு 28 மரை. நாளைக்கு யாராவது எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் நட்டை இதிலும் இதன் நட்டை எம்6இலும் ஏற்ற முயன்று மரையைத் தின்றுவிடுவார்கள். வண்டி முழுக்க ஒரே குடும்ப மரை இருந்தால் டூல் பாக்ஸும் ஒன்றாக இருக்கும். கால் அங்குல எம்எஸ் ராடு வாங்கி, யுஎன்எஃப் டை போட்டு மேல் முனையில் இரண்டு அங்குலம் மரை வெட்டச் சொல்லுங்கள். நட் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும்.

கொக்கியைச் சூடாக்கி வளைக்கச் சொல்லுங்கள், சூடாக்காமல் பச்சையாக வளைத்தால் வளைவின் வெளிப்பக்கம் மயிரிழை விரிசல் விடலாம். உங்களுடைய ஒடிந்த கொக்கியை உற்றுப் பாருங்கள், ஒடிந்த இடம் எங்கே என்று தெரியும்.

நெல்லை ஸ்பீடு

எதற்கு இவ்வளவு பாடு? பேட்டரியை டிக்கிக்கு மாற்றிவிடுங்கள். பல்க்ஹெட்டில் தகடு போட்டு மூடிவிட்டால் துரு பிரச்சினையே இல்லை, எடையும் பின்னால் போகும். என் நண்பர் ஒரு பழைய வண்டியில் அப்படித்தான் செய்திருக்கிறார், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு அடித்து உட்கார வைத்தார்.

கோவை லேத்

தம்பி, பந்தய வண்டிக்குச் சரி, இதற்கு வேண்டாம். டிக்கியிலிருந்து ஸ்டார்ட்டர் வரை குறைந்தது 4 மீட்டர் கேபிள். 25 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்புக் கேபிளே போட்டாலும் ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அந்தக் கேபிள் ஃபியூஸ் இல்லாமல் வண்டியின் நீளத்துக்கும் ஓடும், எங்காவது தகட்டில் உரசித் தோல் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதைவிட முக்கியம், ஹெரால்டின் பெட்ரோல் டேங்கே டிக்கிக்குள்தான் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடுகிற ஒரு பொருளை டேங்க் பக்கத்தில், மூடிய டிக்கிக்குள் வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஸ்டெயின்லெஸ் என்றால் ஆசிட் தொடாது என்பதும் சரியில்லை. பாத்திரத்துக்கு வருகிற 304 ரகத்தை பேட்டரி ஆசிட் மெதுவாகத் தின்னும். ஆசிட்டுக்குப் பயப்படாதது பிளாஸ்டிக்தான், பேட்டரிப் பெட்டியே பாலிப்ரொப்பிலீன்தானே. கடைக்கு ஆசிட் வருகிற வெள்ளை கேன் இருக்கிறதே, அதன் அடிப்பகுதியை மூன்று விரல் உயரத்துக்கு வெட்டினால் அருமையான உள்தட்டு. தகட்டின் மேல் அதை வைத்து, அதற்கு மேல் பேட்டரி.

மதுரை பத்மினி

இந்த கிளாம்ப் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன், யாராவது ஒருவர் இன்றே போய் இறுக்கிக்கொண்டால் போதும்.

என் பத்மினி காரில் கிளாம்ப் நட் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. நாளை போடலாம், நாளை போடலாம் என்று மூன்று வாரம் ஓட்டினேன். மேலூர் தாண்டி ஒரு வேகத்தடை, பெயின்ட் அடிக்காதது, இருட்டு. வண்டி தூக்கிப் போட்டதும் ஹெட்லைட் ஒருமுறை மங்கிப் பிரகாசமானது. பத்து நொடியில் டாஷ்போர்டுக்குக் கீழே இருந்து ரப்பர் கருகுகிற நாற்றம். பானெட்டைத் திறந்தால் பேட்டரி பக்கவாட்டில் சாய்ந்து, டெர்மினல் தகட்டில் தொட்டுக்கொண்டு நிற்கிறது, தொட்ட இடத்தில் தகடு உருகிப் பட்டாணி அளவுக்கு ஒரு குழி. ஸ்பேனர் தேடி எடுப்பதற்குள் வயரிங் புகைய ஆரம்பித்துவிட்டது. அருகில் டீக்கடைக்காரர் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு கேபிளைப் பிடுங்கி எறிந்தார். அவர் இல்லை என்றால் வண்டியே இருந்திருக்காது. பின் சீட்டில் அம்மாவும் பெண்ணும் இருந்தார்கள்.

ஒரு நட். அதன் விலையை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

தாம்பரம் ஹெரால்டு

படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. டிக்கி யோசனையை விட்டுவிட்டேன், இருந்த இடத்திலேயே ஒழுங்காகச் செய்கிறேன்.

இதுவரை நடந்தது: பேட்டரிப் பெட்டியில் ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். இத்தனை வருடம் கழித்தும் மூலைகளில் பொங்கியது. பொங்குவது நிற்கிற வரை மூன்று முறை ஊற்றிக் கழுவினேன். டின்கர் அடித்தட்டை நல்ல தகடு வருகிற வரை வெட்டி எடுத்துவிட்டார், 16 கேஜ் தகட்டில் புதுத் தட்டு. வெல்டிங்குக்கு முன்னால் பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைத்துவிட்டோம், உள்ளே கியர்பாக்ஸ் மூடி அட்டை மாதிரி சாமான் என்பதால் அதையும் கழற்றியாகிவிட்டது. யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன துளையும் குழாயும் வைத்தாயிற்று, குழாய் பெல் ஹவுசிங்குக்குப் பக்கவாட்டில் இறங்கித் தரையைப் பார்க்கிறது. தட்டில் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட்.

இன்னொரு சந்தேகம். வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ்தான் வண்டியின் தகட்டோடு இணைந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் நெகட்டிவுக்கு மாற்றச் சொல்கிறார். மாற்றாவிட்டால் கேபிள் எட்டுமா?

டைனமோ தாத்தா

நாற்பது வருடம் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்த்தவன். பாசிட்டிவ் எர்த் அப்படியே இருக்கட்டும், டைனமோவும் ரெகுலேட்டரும் நன்றாக வேலை செய்தால் மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆல்டர்னேட்டரோ புது ரேடியோவோ போடுகிற அன்றைக்கு மாற்றலாம்.

ஆனால் பேட்டரி வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரே அளவு பேட்டரியில் பாசிட்டிவ் இடது பக்கம் வருவதும் உண்டு, வலது பக்கம் வருவதும் உண்டு. உங்கள் எர்த் பட்டை எந்தப் பக்கம் பல்க்ஹெட்டில் பிடித்திருக்கிறதோ அந்தப் பக்கம் பாசிட்டிவ் வருகிற ரகத்தைக் கேளுங்கள். அப்படி வாங்கினால் எர்த் பட்டை ஒரு சாண் நீளத்தில் முடியும், ஸ்டார்ட்டருக்குப் போகிற உயிர்க் கேபிள் பேட்டரி மேல் குறுக்கே போகாது. குறுக்கே போனால் உங்கள் கிளாம்ப் பட்டை அதன் மேல் உட்காரும், இறுக்க இறுக்க வெட்டும்.

கேபிள் முனையும் பாருங்கள். தடித்த டெர்மினலிலேயே பாசிட்டிவ் 19.5, நெகட்டிவ் 17.9 மில்லிமீட்டர். இன்றைக்கு ரெடிமேடாக வருகிற எர்த் பட்டைக்கு நெகட்டிவ் முனைதான் போட்டிருப்பார்கள். பாசிட்டிவில் ஏற்றினால் இறங்காது, சுத்தியலால் அடித்து இறக்குவார்கள், உள்ளே பிளேட் இணைப்பு விட்டுப்போகும். பாசிட்டிவ் முனை போட்ட பட்டையாகச் செய்து வாங்குங்கள்.

இன்னொன்று. எந்த மெக்கானிக்கும் "முதலில் நெகட்டிவைக் கழற்று" என்றுதான் பையனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். உங்கள் வண்டியில் அது தப்பு. முதலில் கழற்ற வேண்டியது எர்த், அதாவது உங்களுக்குப் பாசிட்டிவ். மாட்டும்போது கடைசியில் எர்த். ஸ்பேனர் உயிர்ப் பக்கத்தில் இருக்கும்போது தகட்டில் பட்டால்தான் ஆபத்து, அதற்காகத்தான் அந்த முறையே. பானெட்டுக்கு உள்ளே "பாசிட்டிவ் எர்த்" என்று பெயின்டால் எழுதி வையுங்கள். உங்களுக்காக இல்லை, நீங்கள் இல்லாத நேரத்தில் வண்டியைத் தொடுகிறவனுக்காக.

தாம்பரம் ஹெரால்டு

தாத்தா, உங்கள் பதிலை அச்சடித்து எலக்ட்ரீஷியனிடமே கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு "பட்டையை நானே பாசிட்டிவ் முனை போட்டுச் செய்து தருகிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

வேலை முடிந்தது. கிளாம்ப் எப்படி வந்தது என்று எழுதுகிறேன், இன்னொரு ஹெரால்டுக்காரருக்கு உதவும்.

முதலில் பழைய காலண்டர் அட்டையில் வெட்டிப் பார்த்தேன். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்காரர் அதை வைத்து ஒரு அங்குல அகலம், 3 மில்லிமீட்டர் கனப் பட்டையில் பேட்டரியின் குறுக்கே போகிற பட்டையைச் செய்தார். இரண்டு முனையும் பேட்டரியின் விளிம்பைத் தாண்டியதும் கால் அங்குலம் கீழே மடிகிறது, அந்த மடிப்புதான் பேட்டரியைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடிக்கிறது. கொக்கி இரண்டும் கால் அங்குல ராடு, சூடாக்கி வளைத்தது, யுஎன்எஃப் மரை. எல்லாவற்றுக்கும் ஜிங்க் பிளேட்டிங் போட்டேன். பட்டைக்கு மட்டும் லாரி டியூபை நீளமாகக் கீறி முழுக்கச் சுற்றி ஒட்டினேன், டெர்மினல் பக்கம் உலோகம் எதுவும் வெளியே தெரியாது. நீளத்தில் மிச்சம் இருந்த இடத்துக்கு ஆசிட் கேன் பிளாஸ்டிக்கிலேயே ஒரு தடுப்பு.

மூடிப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் சப்பாத்தி மாவு கொஞ்சம் வாங்கி, இரண்டு டெர்மினல் மேலும் இரண்டு நட் மேலும் எலுமிச்சை அளவு உருண்டை வைத்து பானெட்டை மெதுவாக இறக்கினேன். திறந்து பார்த்தால் டெர்மினல் மேல் மாவு நசுங்கவே இல்லை. ஆனால் இடது கொக்கியின் மேல் உருண்டை அப்பளம் மாதிரி ஆகிவிட்டது, நான்கு மில்லிமீட்டர்தான் மிச்சம். மரைக் கம்பி நட்டுக்கு மேல் தேவையில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. அறுத்துவிட்டு, வெட்டின முனையில் ஜிங்க் பெயின்ட் தொட்டு, இறக்கை நட்டுக்குப் பதிலாகத் தானாகக் கழலாத, தட்டையான நைலாக் நட் போட்டேன். இரண்டாவது முறை மாவில் ஒரு விரல் கனம் நின்றது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு முன் டயர் மேல் உட்கார்ந்து, இந்த வண்டியில் அப்படித்தான் வசதி, கடைசியாக எர்த்தை மாட்டினேன். யாழ்ப்பாணத்து ஐயாவின் அப்பா செய்வதுபோல பேட்டரியைப் பிடித்து ஆட்டினேன். பேட்டரி ஆடவில்லை, வண்டியே ஸ்பிரிங்கில் ஆடியது. வண்டலூர் வரை போய்த் திரும்பினோம், மாமனாரும் கூட வந்தார். வழியில் இருந்த வேகத்தடை ஒவ்வொன்றையும் அவர் எண்ணிக்கொண்டே வந்தார், பதினொன்று.

யாழ் மைனர்

மனசுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. ஒரு மாதம் ஓடிய பிறகு நட்டை ஒருக்கால் திரும்ப இறுக்குங்கள், ரப்பர் அமுங்கிக் கொஞ்சம் தளரும். அதிகமாக இறுக்க வேண்டாம், பற்றரியின் வயிறு பிதுங்கக் கூடாது. டேர்மினலுக்கு வாஸ்லின் பூச மறக்காதீர்கள், முனையை மாட்டி இறுக்கிய பிறகு பூசுங்கள்.

சேலம் மார்க்3

சார், நானும் இதே நிலையில் இருக்கிறேன், நான்கு கதவு வண்டி, கொக்கி இரண்டுமே இல்லை. அந்தக் காலண்டர் அட்டை இன்னும் இருக்கிறதா?

தாம்பரம் ஹெரால்டு

இருக்கிறது. உங்கள் பெட்டியில் கொக்கி மாட்டுகிற இரண்டு ஓட்டைக்கும் நடுவே எவ்வளவு என்று மட்டும் அளந்து சொல்லுங்கள், என்னுடையதோடு ஒத்துப்போனால் அட்டையை நாளைக்கே தபாலில் போடுகிறேன். லேத்துக்காரரிடம் இன்னொரு ஜோடி கொக்கிக்கும் ராடு மிச்சம் இருக்கிறது.